நல்லா இருக்குண்ணா

ஒன்பது மணி நேரம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஃபேன் சத்தம் மட்டும் இருந்தால் போதும். எனக்கு வாய்த்த எதிர்வீடு அப்படிப்பட்டதில்லை. கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, பெருங்களத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்ட்டின் இரண்டாவது மாடிக்கு ஏறினால், எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்திருக்கும். வாசலில் உப்புத்தாளும் கையுமாக அவர் உட்கார்ந்திருப்பார். முழங்கைவரை மரத்தூள்.

"இன்னா சிஸ்டர், வந்துட்டீங்களா? ரெண்டே நிமிஷம். கேட்டுட்டுப் போங்க."

அந்த இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் அபார்ட்மெண்ட்டிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பாக்ஸ் அண்ணா. ஸ்பீக்கர் வைக்கிற மரப்பெட்டியை வீட்டிலேயே அறுத்து, ஒட்டி, தேய்த்து, பாலிஷ் போட்டுச் செய்கிறவர். விற்பதற்கு அல்ல. பிழைப்புக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருஷம். ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு மரத்தை எடுத்தாரென்றால், சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார்.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒரு நாள் அலுப்பில் கேட்டேவிட்டேன்.

"நாள் பூரா இரும்பு கத்துறத கேட்டுக்கினு வர்றேன் சிஸ்டர். சாயந்தரம் ஒரு மணி நேரமாச்சும் நல்ல சத்தம் காதுல வுழணும். இல்லாங்காட்டி மனுசன் இன்னாத்துக்கு?"

கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுப்பார்களாம். அதை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். காதை அடைத்துக்கொண்டால் மிஷின் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. அச்சு லேசாகத் தேய்ந்தால்கூட அடிக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். சூப்பர்வைசர்கூட அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வாராம். இதை என்னிடம் குறைந்தது பத்து தடவை சொல்லியிருப்பார்.

அவருக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்ததென்றால் அது அவருடைய காதின் மேல்தான். சாமியெல்லாம் அப்புறம். நாங்கள் குடிவந்த முதல் வாரம், வாசலில் நின்றபடியே எங்கள் ஹால் ஃபேனைக் காட்டி, பேரிங் போகப்போகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வம்படிக்கிற மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்தாவது நாள் ஃபேன் உறுமிக்கொண்டு நின்றது. "சொன்னேன்ல?" என்று ஸ்டூலோடு வந்து கழற்றிக்கொண்டு போனார்.

எதைப் பார்த்தாலும் விரலை மடக்கித் தட்டுவார். கதவு, அலமாரி, எங்கள் வீட்டு டைனிங் டேபிள். முதலில் வாங்கிய, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையெல்லாம் ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்து டீயில் போட்ட ரஸ்க் மாதிரி ஊதிப்போக, அதிலிருந்து நல்ல ப்ளைவுட்தான் என்று முடிவு செய்திருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் அலமாரிக்குப் பலகை வாங்க வேண்டியிருந்ததால் மேற்குத் தாம்பரம் ப்ளைவுட் கடைக்கு அவரோடு போனேன். அடுக்கியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தட்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, அடுத்ததுக்குப் போனார். பதினேழாவது பலகையில் கடைக்கார பாய் பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணா, அது ப்ளைவுட்டு. தேங்கா இல்ல."

"பாய், இது உள்ள காத்து கீது. ஒட்டு சரியா புடிக்கல. வேணா அறுத்துப் பாரு."

பாய் அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டாமல் வாய் பிளந்திருந்தது. பாய் பையனை அனுப்பி மூன்று டீ வாங்கிவரச் சொன்னார்.

சத்தத்தை அளந்து கோடு போட்டுக் காட்டும் ஆப் ஃபோனிலேயே வந்துவிட்டது என்று என் மகள் அவரிடம் சொன்னாள். அப்போது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஃபோனுக்கு இன்னாம்மா தெரியும்? அதுக்கு பாட்டு புடிக்குமா? என் காது பொய் சொல்லாது கண்ணு."

கையும் லேசுப்பட்டதல்ல. பாக்ஸை ஒட்டி முடித்ததும் அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கும். முரட்டு உப்புத்தாள், நடுத்தரம், பட்டு மாதிரி இருப்பது என்று மாற்றி மாற்றித் தேய்ப்பார். பாலிஷ் ஒரு கோட்டு, காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி ஒரு கோட்டு. ஏழு கோட்டு வரை எண்ணியிருக்கிறேன், அதற்குமேல் எண்ணச் சக்தி இல்லை. கடைசியில் அவர் மனைவியின் பழைய நைலக்ஸ் புடவையிலிருந்து கிழித்த துண்டு ஒன்றை எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துணியை பாக்ஸின் மேல் மெதுவாக இழுப்பார். எங்காவது ஒரு நூல் சிக்கினால் போச்சு, மறுபடி முதல் கோட்டு. சிக்காமல் நழுவினால், துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பதுபோல் இருக்கும். எனக்கு அவர் மேல் கோபமெல்லாம் போய்விடுகிற நேரம் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம்தான் என் பாடு. முன்னால் மெல்லிய கறுப்புத் துணி கட்டி, உள்ளே ஸ்பீக்கர்களைப் பொருத்தி, பாட்டைப் போட்டு, என்னைக் கூப்பிடுவார். ஒவ்வொரு பாக்ஸிலும் இரண்டு ஸ்பீக்கர். கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரியது ஒன்று, தபலா மிருதங்கத்துக்கு. மேலே ட்வீட்டர் என்கிற சின்னது, ஜால்ராவும் கீச்சுச் சத்தமும் வருவதற்கு. இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

முதல் தடவை கேட்டபோதே எனக்குப் பல் கூசியது. கீழ்ச் சத்தம் அருமை, வயிற்றில் வந்து உட்கார்ந்தது. மேல் சத்தம் காதில் ஊசி. பாடுகிற அம்மாள் 'ச' என்று சொல்லும்போதெல்லாம் ஸ்லேட்டில் ஆணியால் கிழிப்பதுபோல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பின்னால் நின்ற அக்கா, அவர் மனைவி, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கும்பிட்டார்.

அப்புறம் படிக்கட்டில் பிடித்துக்கொண்டு சொன்னார். "நல்லா கீதுன்னு சொல்லிடும்மா, உனக்குப் புண்ணியமா போவும். ஒரு கொறை சொன்னா மொத்தத்தையும் பிரிச்சிப் போட்டுடுவாரு. ரெண்டு மாசமா சோத்துல மரத்தூளு. துணி காயப்போட எடமில்ல. ஒரே பேஜாரு."

எனக்கும் வேறென்ன வேண்டும்? வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். "நல்லா இருக்குண்ணா" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

நாலு வருஷம், ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஊசி இன்னும் கொஞ்சம் கூர்மையாகிக்கொண்டே போயிற்று. நானும் "நல்லா இருக்குண்ணா" என்பதைச் செருப்பைக் கழற்றாமலே சொல்லப் பழகிவிட்டேன். ஆபீஸில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று சொல்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை. ஒரு நாள் நான் லீவு. காலையிலிருந்து அவர் வீட்டிலிருந்து கீய்ங் கீய்ங் என்று ஒரு சத்தம், இன்வெர்ட்டரில் பேட்டரி தீர்ந்தால் கத்துமே, அது. அக்கா கடைக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்குத் தாங்க முடியாமல் போய்ப் பார்த்தால், இன்வெர்ட்டருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பாக்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானே போய் அதை அணைத்தேன். வேலையில் மூழ்கிவிட்டால் இந்த மனுஷனுக்கு உலகமே தெரியாது என்று அக்கா வந்ததும் சொல்லிச் சிரித்தோம். எங்கள் ஃபேனின் உறுமலை வாசலிலிருந்து கேட்டவருக்கு பக்கத்திலேயே கத்துகிற கீச்சொலி ஏன் கேட்கவில்லை என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஆறாவது ஜோடி அவருடைய மகளுக்கு. கல்யாணமாகி ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு அப்பாவின் கையால் ஸ்பீக்கர். எட்டு மாதம் உழைத்தார். காகிதம்போல் மெல்லிய தேக்குத் தோல் ஒட்டி, ஒன்பதோ பத்தோ கோட்டு பாலிஷ். நான் பார்த்ததிலேயே அழகான சாமான் அதுதான் என்று இன்றும் சொல்வேன். விசேஷத்தன்று காலையில் அதில் நாதஸ்வரம் போட்டார். பத்து நிமிஷத்தில் ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக பால்கனிப் பக்கம் நகர்ந்தார்கள். மருமகன் சிரித்த முகத்தோடு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். மகள் "சூப்பர்ப்பா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அன்றைக்கு அவர் பாயசம் மூன்று தடவை வாங்கிக் குடித்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டுகிற சத்தம். அவர்தான். எப்போதும் அவர் வாசலிலிருந்து கூப்பிடுவாரே தவிர என் கதவைத் தட்டியதில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவுக்குப் பஞ்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டிய அடையாளத்தோடு.

"நேத்து பொண்ணு வூட்டுக்குப் போயிருந்தேன் சிஸ்டர். இது ட்வீட்டர் மேல ஒட்டியிருந்துது. ரெண்டுலயும். துணிக்குப் பின்னால, வெளிய தெரியாத மாதிரி."

"யாராவது குழந்தைங்க..." என்று ஆரம்பித்தேன்.

"அவதான் வெச்சிக்கிறா. நான் வருத்தப்படக் கூடாதுன்னு உள்ள மறைச்சி வெச்சிக்கிறா." பஞ்சையே பார்த்துக்கொண்டு பேசினார். "தூசி தொடைக்கலாம்னு துணி மேல கைய வெச்சேன். ஒரு எடத்துல மேடா கீது. கழட்டிப் பாத்தா இது. அது பெருசில்ல சிஸ்டர். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அதுல பாட்டு கேட்டுக்கினு ஒக்காந்திருந்தேன். எனக்கு வித்தியாசமே தெரியல. எப்டி கீது பாத்தியான்னு மருமவன்கிட்ட பீத்திக்கினு வேற இருந்தேன்."

பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினி நாளா சிஸ்டர்?"

"அண்ணா, அது வந்து..."

"சும்மா சொல்லுங்க. நான் இன்னா பண்ணப் போறேன்."

"நான் கேட்ட முதல் ஜோடிலேர்ந்தே அப்படித்தாண்ணா. காது குத்தும்."

அக்கா ஈரக் கையோடு வெளியே ஓடிவந்தார். "அவள ஏன் கேக்குற? நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன்."

அவர் திரும்பினார். "உனுக்கும் தெரியுமா?"

"எனக்கு பாக்ஸப் பத்தி இன்னா தெரியும்? நான் சமையக்கட்டுலேர்ந்து கூப்ட்டா நீ திரும்ப மாட்ட. வேணும்னே பண்றேன்னு நெனச்சிக்கினு கீறேன், நாலு வருசமா." சொல்லிக்கொண்டே வந்தவர், சொன்னது தனக்கே அப்போதுதான் புரிந்ததுபோல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் எங்கள் செருப்பு ஸ்டாண்ட் மேல் உட்கார்ந்துவிட்டார். "உங்க வேலையே கேக்குறதுதானே சிஸ்டர். அதுக்குத்தான் உங்கள கூப்ட்டேன்" என்றார், அவ்வளவுதான். திட்டு வாங்கிச் சம்பளம் வாங்குகிறவள் நான், எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதை மட்டும் என்னால் உதற முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த ஜோடியை ஊரப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் எடுத்து வந்தார். முதுகுப் பலகையைக் கழற்றி, ட்வீட்டருக்குப் போகிற ஒயரை வெளியே இழுத்துவிட்டு, ஒரு டப்பாவில் ரெசிஸ்டர்களைக் கொட்டிவைத்துக்கொண்டார். சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாக இருக்கும் அவற்றை ஒயருக்கு நடுவில் வைத்தால் ட்வீட்டரின் சத்தம் குறையும். ஒன்றை வைத்துப் பாட்டைப் போட்டார்.

"இப்போ?"

"குத்துதுண்ணா."

மாற்றினார். "இப்போ?"

"இன்னும்."

அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போயிற்று. நாலு வருஷத்தில் முதல் தடவையாக நான் உட்கார்ந்து கேட்டேன். பொய் சொல்வதைவிட இது எவ்வளவு களைப்பான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு தடவை நான் தலையாட்டும்போதும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. எனக்கு வாங்கிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு, எத்தனையாவது தடவையோ, அந்த அம்மாள் பாட ஆரம்பித்தாள். ஊசி இல்லை. அவள் மூச்சு வாங்குவதுகூடப் பக்கத்தில் கேட்டது. அந்த மாதிரி நான் எதிலும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரியாயிடுச்சுண்ணா."

"நிஜமா?"

"நிஜமா."

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். "எனக்கு ஹெல்மெட் போட்டுக்கினு கேக்குற மாதிரி கீது" என்று சிரித்தார். பிறகு அந்த ரெசிஸ்டரையே பற்றவைத்து, முதுகுப் பலகையை வைத்து, எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினார். தன் காதுக்குச் சரிப்படாத பெட்டியை அவர் மூடியது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறமும் பாக்ஸ் செய்தார். விடவில்லை. காது டாக்டரிடம் போனார்கள், காதில் வைக்கிற மெஷின் வாங்கினார்கள், அதையும் அவர் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். பாட்டு ஓடும்போது பக்கவாட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்பதற்கு என்னைக் கூப்பிடுவார், நான் உண்மையைச் சொல்வேன். சில நாள் "கீழ்ச் சத்தமும் சரியில்லண்ணா" என்று சொல்ல வேண்டியிருக்கும். அக்கா என்னை முறைப்பார்.

அவர் வேலையிலிருந்து நின்றதும் மகளோடு ஊரப்பாக்கத்துக்கே போய்விட்டார்கள். போகும்போது கடைசியாகச் செய்த ஜோடியை ஆம்ப்ளிஃபையரோடு எங்கள் ஹாலில் கொண்டுவந்து வைத்தார். "இது உங்க காதுக்குன்னே பண்ணது சிஸ்டர். இதுல ஒண்ணும் திருகாதீங்க." இரண்டு ஸ்டேஷன் தூரம்தான். போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்தே ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு, அதில் துணி துவைக்கவும் படுக்கவுமே நேரம் போதவில்லை.

போன மாதம் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். மேல் சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் முழுதாகத் திருகியிருந்தது. அண்ணா வைத்துவிட்டுப் போனது நடுவில். மகள் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவள் காலேஜில் கடைசி வருஷம், ரயிலில் போய் ரயிலில் வந்து, என்னைப் போலவே முகம் செத்து வீடு திரும்புகிறாள். சாயந்தரம் வந்ததும் கேட்டேன்.

"நான் தொடறதே இல்லம்மா. நீதான் அப்பப்போ திருகிட்டே இருக்க. ஏதோ மூடுன மாதிரி கேக்குதுன்னு நீதானே சொன்ன?"

நான்தான். கொஞ்சம் கொஞ்சமாக. வருஷக் கணக்காக ஹெட்செட் மாட்டுகிற இடது காதைத் தடவிக்கொண்டேன். நான் பாட்டுப் போடும்போதெல்லாம் அவள் அறைக் கதவு சாத்திக்கொள்வதைப் பார்த்து, படிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பாட்டைப் போட்டேன். "இப்போ எப்படி இருக்கு? நிஜத்தைச் சொல்லு."

அவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. ஒரு நொடி நின்றாள்.

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

எழுந்து போய், பாக்ஸின் முன்துணி மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் பார்த்துவிட்டு இன்னொன்றிலும் பார்த்தேன். மேடு எதுவும் இல்லை. இன்னும் வைக்கவில்லை.